மரங்கொத்தியின் நாக்கும் பால்மரத்துக் கோடும்

(ஈப்போவில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

நான் சொன்ன ஒரு பொய்யிலிருந்து தொடங்குகிறேன். ஆசிரியப் பணியில் சேர்ந்து மூன்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்த நேரம். ஆண்டு நான்கு வகுப்பில் லியோனார்டோ டா வின்சியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வரைந்த படம் ஒன்றைப் பெரிதாக்கிக் கரும்பலகையில் ஒட்டியிருந்தேன். திருகாணியைப் போலச் சுற்றிச் சுற்றி மேலேறும் துணி, நடுவில் ஒரு கம்பம், அடியில் ஆட்கள் நின்று சுழற்ற ஒரு மேடை. “ஹெலிகாப்டரை முதன்முதலில் கண்டுபிடித்தவர் இவர்தான்” என்றேன். பின்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். “இது பறந்துச்சா டீச்சர்?”

எனக்குத் தெரியாது. ஆனாலும் “பறந்துச்சு” என்று சொல்லிவிட்டேன். வகுப்பு கைதட்டியது. அவன் கைதட்டவில்லை, படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “மேல அது சுத்துனா, கீழ நிக்கிறவங்களும் மேடையோட சுத்த மாட்டாங்களா?” என்று பக்கத்திலிருந்தவனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. விழாதது போல அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அந்தப் பையன் கேட்டது சரியான கேள்வி என்று எனக்குப் புரிய ஆண்டுகள் பல ஆயின. மேலே விசிறி ஒரு பக்கம் சுற்றினால் உடல் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் ஹெலிகாப்டரின் வாலில் ஒரு சிறிய விசிறி இருக்கிறது. லியோனார்டோவின் படத்தில் அப்படி எதுவும் இல்லை. மனிதர்களின் கைவலுவால் அவ்வளவு எடையைத் தூக்கவும் முடியாது. அந்த இயந்திரம் பறக்கவில்லை. ஒன்பது வயதுப் பிள்ளை, லியோனார்டோ விட்ட இடத்தைப் படத்தைப் பார்த்தே பிடித்துவிட்டான். அவனுக்குக் கிடைத்ததோ என்னுடைய பொய். இன்றைக்கு நான் பேச வந்ததே அந்தப் பையனுக்காகத்தான்.

நம் பாடநூல்களிலும் சுவரொட்டிகளிலும் லியோனார்டோ எப்படி வருகிறார்? ஹெலிகாப்டர், டாங்கி, பாராசூட், இவற்றையெல்லாம் கண்டுபிடித்த மேதை. ஒரு பட்டியல், அதன் மேல் வெள்ளைத் தாடிப் படம். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அவர் வாழ்நாளில் தாளை விட்டு வெளியே வரவே இல்லை. பிரமிடு வடிவத்தில் அவர் வரைந்த பாராசூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டில்தான் ஏட்ரியன் நிக்கோலஸ் என்ற ஆங்கிலேயர் அதே வடிவத்தில் கித்தான் துணியில் ஒன்றைச் செய்து, தென்னாப்பிரிக்காவில் பலூனில் ஏறிக் குதித்துப் பார்த்தார். அது அவரை மெதுவாக, ஆடாமல் இறக்கியது. ஆனால் கனமான அந்தச் சட்டம் தரையில் தன் மேலேயே விழக்கூடாது என்று, வழியிலேயே அதை விட்டுவிட்டு இன்றைய பாராசூட்டில் இறங்கினார். படம் வரைந்து ஐந்நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அப்படியானால் லியோனார்டோவிடமிருந்து பிள்ளைகள் எதைக் கற்க வேண்டும்? அவருடைய நோட்டுப் புத்தகத்தை என்பேன். ஏழாயிரம் பக்கத்துக்கு மேல் இன்றும் கிடைக்கின்றன. திறந்தால் எல்லாம் கலந்து கிடக்கும். ஒரே பக்கத்தில் பல்சக்கரம், கிழவரின் முகம், நீர்ச்சுழல், கணக்கு, வாங்க வேண்டிய சாமான். தனக்குத்தானே வேலைகளும் எழுதி வைத்துக்கொள்வார். அவற்றில் ஒன்று, மரங்கொத்தியின் நாக்கை விவரிக்க வேண்டும் என்பது. யாரும் கேட்கவில்லை, யாரும் காசு தரப்போவதில்லை. மரத்தைக் கொத்துகிறதே, உள்ளே இருக்கும் புழுவை எப்படி இழுக்கிறது என்று ஒரு மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. நாளைக்குப் பார்க்க வேண்டும் என்று குறித்து வைத்திருக்கிறார். (அந்த நாக்கைத் தாங்கும் எலும்பு மண்டையோட்டைச் சுற்றிப் பின்புறமாக வளைந்து வருகிறது. இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள், எந்தப் பிள்ளையும் தூங்காது.) தோட்டத்தில் வளர்ந்த நாம் எத்தனை மரங்கொத்திகளைப் பார்த்திருப்போம்! நாக்கை நினைத்தோமா?

தமிழில் நாம் ‘கண்டுபிடிப்பு’ என்கிறோம். கண்டு, பிடி. முதலில் காண், பிறகு பிடி. வரிசை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. நம் வகுப்பறையில் காண்பதற்கு நேரம் ஒதுக்குவதில்லை. பிடி, பிடி என்று பிள்ளையை விரட்டுகிறோம்.

லியோனார்டோவின் வாழ்க்கையை நான் இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்வேன். 1452-இல் வின்சி என்ற சிற்றூரை ஒட்டிப் பிறந்தார். அப்பா பத்திரம் எழுதும் பெரிய மனிதர், ஆனால் பெற்றோர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அதனால் அப்பாவின் தொழிலுக்கு அவர் போக முடியவில்லை, அக்காலப் படிப்பின் வாசலான லத்தீன் மொழியும் சிறு வயதில் கிடைக்கவில்லை. தன்னை எழுத்தறியாதவன் என்று எழுதிக்கொண்டவர், நடுவயதில்தான் லத்தீன் இலக்கணத்தோடு உட்கார்ந்தார். பதினான்கு வயதையொட்டி ஃபுளோரன்ஸ் நகரில் வெரோக்கியோ என்ற கலைஞரின் பட்டறையில் சேர்ந்து, வண்ணம் அரைத்தும் வார்ப்பு வேலை பார்த்தும் கைவழியாகக் கற்றவர்.

இரண்டாவது, அவர் இடது கைக்காரர். வலமிருந்து இடமாக, கண்ணாடியில் பார்த்தால்தான் படிக்க முடியும் என்பதுபோல எழுதினார். ரகசியம் காக்க அப்படி எழுதினார் என்று கதை கட்டுவார்கள். இடது கையால் மை தொட்டு எழுதிப் பாருங்கள், காரணம் தெரியும். நானும் பீச்சாங்கைக்காரி. முதல் வகுப்பில் அந்தக் கையில் எனக்குப் பிரம்படி விழுந்தது. அம்மா என் இடது கையைத் துண்டால் முதுகோடு கட்டி வலது கையால் சோறு உண்ணப் பழக்கினார். இப்போது என் வகுப்பில் லியோனார்டோ பாடம் நடக்கும் நாளில் ஒரு கைக்கண்ணாடியைக் கொண்டுபோய், எல்லோரையும் கண்ணாடி எழுத்தில் தமிழில் பெயர் எழுதச் சொல்வேன். ‘ப’ மட்டும் அப்படியே இருக்கிறது, ‘ட’ திரும்பிக்கொள்கிறது என்று அவர்களாகவே கூவுவார்கள். இடது கைப் பிள்ளைகளுக்கு அன்றைக்கு நடையே வேறு.

நண்பர்களே, இத்தாலிக்காரர் ஒருவரைப் பேராக் பிள்ளைகளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. போர்த்துகீசியர் 1511-இல் மலாக்காவைப் பிடித்தபோது லியோனார்டோ உயிரோடு இருந்தார். ஐந்தாண்டு கழித்து, ஆந்திரியா கோர்சாலி என்ற ஃபுளோரன்ஸ்காரர் கொச்சியிலிருந்து ஊருக்கு எழுதிய கடிதத்தில், குஜராத் பக்கத்து மக்கள் உயிர்க்கொலை செய்து உண்பதில்லை என்று சொல்லி, நம் லியோனார்டோவைப் போல என்று ஒப்பிட்டிருக்கிறார். நம் கடல்வழிச் சேதிகளுக்கும் அவருக்கும் அவ்வளவுதான் தூரம்.

அதைவிட நெருக்கமான ஒன்று இங்கே பக்கத்திலேயே இருக்கிறது. பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையில் ஈயம் தோண்டும் கப்பல் ஒன்று நிற்கிறது. 1938-இல் கட்டியது, ஐந்தாம் எண் கப்பல். 4,500 டன் எடை, 1982 வரை வேலை செய்தது. தனக்கென்று ஒரு குட்டையில் மிதந்துகொண்டு, சங்கிலியில் கோத்த இரும்பு வாளிகளால் முன்னால் மண்ணை அள்ளும். உள்ளே தண்ணீரில் அலசும்போது ஈயம் கனம் என்பதால் அடியில் தங்கும், மணல் பின்னால் போய் விழும். முன்னால் தோண்டிப் பின்னால் தூர்ப்பதால், குட்டையும் கப்பலோடு சேர்ந்து ஊர்ந்துபோகும்! கிந்தா பள்ளத்தாக்கில் நாம் காணும் ஈயக்குட்டைகளில் பல இப்படிப்பட்ட வேலையின் மிச்சம். லியோனார்டோவின் நோட்டுப் புத்தகம் ஒன்றில், இரண்டு படகுகளுக்கு நடுவே சுழலும் சக்கரத்தில் நான்கு அகப்பைகளைப் பொருத்திச் சேறு அள்ளும் இயந்திரம் வரைந்திருக்கிறார். அந்தப் படத்தை நகல் எடுத்துக்கொண்டு பிள்ளைகளை அந்தக் கப்பலுக்கு அழைத்துப் போனேன். முழுக் கப்பலையும் வரையச் சொல்லவில்லை. ஒரே ஒரு வாளி. அதன் உதடு ஏன் அந்த வடிவில் இருக்கிறது, அடுத்த வாளியோடு எதனால் இணைந்திருக்கிறது. அரை மணி நேரம் வெயிலில் உட்கார்ந்து வரைந்தார்கள். ‘உதட்டில் தனி இரும்பு வச்சிருக்காங்க, தேஞ்சா அதை மட்டும் மாத்துறதுக்காக இருக்கும்’ என்று ஒரு சிறுமி தன் படத்தின் ஓரத்தில் எழுதியிருந்தாள்.

இனி நம் சொந்த முற்றத்துக்கு வருகிறேன். பால்மரம், அதாவது ரப்பர் மரம்.

நாம் எல்லோரும் பால்மரத்துக் கோட்டைப் பார்த்தே வளர்ந்தவர்கள். இடது பக்கம் உயர்ந்து, வலது பக்கம் சரிந்து, ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில் ஒரு கோடு. அதன் முனையில் தகரக் குழாய், கீழே பால் பிடிக்கும் மங்கு. ஏன் இடமிருந்து வலமாகச் சரிகிறது? மாற்றிச் சீவினால் என்ன? முதன்முறை இதை வகுப்பில் கேட்டபோது யாருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியாது. அம்மாவிடம் போய்க் கேட்டேன். “அப்படிச் சீவினாத்தான் பால் கூட வரும், எங்க கங்காணி காட்டிக் குடுத்தது” என்றார். பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேராக மேலே போவதில்லை. சற்றே வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. நம் கோடு அவற்றுக்குக் குறுக்கே விழுவதால் அதிகக் குழாய்கள் வெட்டுப்படுகின்றன. விடியுமுன் ஏன் போக வேண்டும்? அந்நேரம் மரத்தில் நீர் நிறைந்து குழாய்களுக்குள் அழுத்தம் கூடுதலாக இருக்கும். வெயில் ஏற ஏற அது குறையும், பால் நிற்கும். காலை இருட்டில் எங்களை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு, நெற்றி விளக்கோடு அம்மா பால்மர நிரைக்கு ஓடியதற்கு இப்படி ஒரு காரணம் மரத்துக்குள் இருந்தது என்று எனக்கு நாற்பது வயதில்தான் தெரிந்தது. அன்று நான் அழுதேன்.

அந்தக் கோடும் ஒரு கண்டுபிடிப்புதான். 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது நம் கோலகங்சாருக்கு வந்து சேர்ந்தன. அந்தத் தலைமுறை மரம் என்று சொல்லப்படும் முதியது ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. ஆனால் மரம் வந்ததும் தொழில் வந்துவிடவில்லை. பிரேசில் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் புண்ணாகிப் போகும். 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, ஆண்டுக்கணக்கில் மரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். புதுப்புது இடத்தில் வெட்டாமல், வெட்டிய இடத்தையே மெல்லிய சீவலாகத் திரும்பத் திரும்பத் திறந்தால் பால் கூடுகிறது, மரமும் சாவதில்லை என்று கண்டார். இதில் இயந்திரம் ஒன்றும் இல்லை. ஒரு கத்தி, ஒரு கோணம், மரத்தின் மீது கவனம். காப்பித் தோட்டக்காரர்களிடம் ரப்பர் நடுங்கள் என்று அலைந்தவரைப் பைத்தியம் என்றார்கள். நூறு வயது வரை வாழ்ந்து, தான் சொன்னது நடந்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

ரிட்லி காட்டிய முறையை லட்சக்கணக்கான மரங்களில் செய்துகாட்டிய கைகள் நம் கைகள். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உயிருள்ள ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. அதைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டர் அளவு பட்டையை மிச்சம் விட்டு, இருட்டில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவ வேண்டும். ஆழம் போனால் காயம், மரம் முண்டு கட்டிவிடும். மேலோடு போனால் பால் இல்லை. கடையில் வாங்கிய கத்தியை அம்மா அப்படியே எடுத்துப்போனதில்லை. சாணைக்கல்லில் தன் கைக்கும் தன் நிரையின் மரத்துக்கும் தக்கபடி முனையின் வளைவைத் திருத்திக்கொள்வார். அடுத்த வீட்டு அத்தையின் கத்தி வேறு வளைவு. ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்று ஆண்டு நான்கிலிருந்து ஒரு பாடம் வைத்திருக்கிறோமே, அந்தப் பாடம் லயத்து வாசலில் ஒவ்வொரு மாலையும் நடந்துகொண்டுதான் இருந்தது. மதிப்பெண் போடத்தான் ஆளில்லை.

1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல இடங்களில் அது லயத்தின் ஓர் அறை, அல்லது கொட்டகை. கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். கையெழுத்துப் போடவும் கூட்டவும் கழிக்கவும் தெரிந்தால் போதும், பிள்ளை நிரைக்குப் போகும் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் எண்ணம். அந்தக் கொட்டகைகளிலிருந்து வளர்ந்த பள்ளிகள் இன்று பேராக்கில் பல. தோட்டம் செம்பனையாகி, செம்பனை வீடமைப்புத் திட்டமாகி, பெயரில் மட்டும் ‘தோட்டம்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் பால்மரத்தைத் தொட்டதே இல்லை. அவர்கள் தொட வேண்டும் என்பது என் ஆசை. பால் வெட்டப் போவதற்காகச் சொல்லவில்லை. பாட்டி எவ்வளவு தெரிந்தவர் என்று அறிவதற்காகச் சொல்கிறேன்.

இப்போது ஒரு வகுப்பறை. லியோனார்டோவின் ஆணியில்லாப் பாலம் உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக, ஒன்றன் அடியில் ஒன்றாகக் கோத்தால், கயிறும் ஆணியும் இல்லாமல் தானாகவே நிற்கும். மேலே பாரம் ஏற ஏற இறுகும். ஆண்டு ஐந்து பிள்ளைகளிடம் பென்சில்களைக் கொடுத்துப் படத்தையும் காட்டினேன். “கம் இல்லாம எப்படி டீச்சர்?” என்றார்கள். முதல் அரை மணி நேரம் பென்சில் விழும் சத்தம்தான். உதவிக்கு நீண்ட என் கையை நானே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆசிரியருக்கு அதுதான் கடினமான வேலை.

ஒரு குழு, பென்சில் வழுக்குவதுதான் பிரச்சினை என்று கண்டுகொண்டது. உருண்டைப் பென்சிலைத் தள்ளிவிட்டு, அறுபட்டைப் பென்சிலை மட்டும் பொறுக்கினார்கள். கொஞ்சம் நின்றது, சரிந்தது. அப்போது ஒரு பையன் பையிலிருந்து ரப்பர் வளையங்களை எடுத்து, பென்சில்கள் ஒன்றையொன்று தொடும் இடங்களில் சுற்றினான். உடனே மற்ற குழுக்கள், “டீச்சர், கட்டக் கூடாதுன்னு சொன்னீங்க, ஏமாத்துறான்!” என்று எழுந்துவிட்டன. அவன் நிதானமாக ஒரு பென்சிலைத் தூக்கிக் காட்டினான். “கட்டல டீச்சர். அதது தனித்தனியாத்தான் இருக்கு. வழுக்காம இருக்கத்தான் சுத்துனேன்.” கட்டுவதற்கும் உராய்வைக் கூட்டுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி அன்றைக்கு அந்த வகுப்பில் நடந்த சண்டையைப் போன்ற அறிவியல் பாடத்தை நான் நடத்தியதில்லை. கடைசியில் அந்தப் பாலத்தின் மேல் அகராதியை வைத்தார்கள். நின்றது.

மனத்தில் உள்ளதை மறைக்காமல் ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகளுக்கு அறிவியல் விழாக்கள் நிறைய வந்திருக்கின்றன. தமிழ்ப்பள்ளிகளுக்காகவே அஸ்தி இயக்கம் இளையோர் அறிவியல் விழாவை வளர்த்தெடுத்தது பெரிய தொண்டு. புத்தாக்கப் போட்டிகளில் நம் பிள்ளைகள் வெளிநாடு போய்ப் பதக்கத்தோடு வருகிறார்கள், நெஞ்சு நிறைகிறது. ஆனால் ஒரு போட்டியில் நடுவராக அமர்ந்தபோது பார்த்தது என்னை விட்டுப் போகவில்லை. அழகான மாதிரி, பளபளக்கும் பலகை. பிள்ளை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். முடிந்ததும், “இந்தச் சக்கரத்தை ஏன்மா இங்க வச்சீங்க?” என்று கேட்டேன். அவள் திரும்பித் தூரத்தில் நின்ற பெரியவரைப் பார்த்தாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. அவள் கை அந்தச் சக்கரத்தைத் தொட்டதே இல்லை. பதக்கம் கிடைத்ததா இல்லையா என்பது எனக்கு நினைவில்லை. அந்தப் பார்வை நினைவிருக்கிறது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை செய்த கோணல் வண்டியை இரவில் உட்கார்ந்து நீங்கள் நேராக்காதீர்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003-இல் நம் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்துக்கு மாறின. 2009-இல் அமைச்சரவை அதைக் கைவிட முடிவு செய்தது. நடுவில் இருந்த ஆண்டுகளில் நான் வகுப்பில் கண்டது, கேள்விகள் வற்றியதை. பதில் சொல்ல மனப்பாட ஆங்கிலம் போதும். கேள்வி கேட்க அது போதாது. ‘கீழ நிக்கிறவங்களும் சுத்த மாட்டாங்களா’ என்பதைப் பக்கத்துப் பையனிடம் அவனால் தமிழில்தான் முணுமுணுக்க முடியும். ஆங்கிலம் வேண்டும், நன்றாகவே வேண்டும். முதல் கேள்வி பிறக்கும் இடத்தை மட்டும் தமிழுக்கு விடுங்கள்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. ஆண்டு நான்கு பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கோடு போடாத நோட்டுப் புத்தகம் ஒன்று. வாரம் ஒருமுறை ஒரு பொருளை வைத்துப் பார்த்து வரையட்டும். மங்கு, சைக்கிள் சங்கிலி, தேங்காய் துருவி, புந்தோங்கில் கச்சான் வறுக்கும் சட்டி, எதுவானாலும் சரி. படத்துக்குப் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதட்டும். பதில் அவசியமில்லை. சிவப்பு மையால் திருத்தாதீர்கள், எழுத்துப் பிழை இருந்தாலும் விடுங்கள். ஆண்டு முடிவில் அதில் ஒரு கேள்வியை அவர்களே தேர்ந்தெடுத்து, செய்து பார்க்கட்டும். விழுந்தால் விழட்டும். விழுந்ததையும் வரையட்டும். லியோனார்டோ மிலான் நகரில் ஈரமில்லாச் சுவரில் புது முறையில் தீட்டிய ‘கடைசி இராப்போசனம்’ அவர் வாழ்நாளிலேயே உதிரத் தொடங்கியது என்று அப்போது சொல்லுங்கள்.

அந்தப் பின்வரிசைப் பையனைப் பிறகு எங்கேயும் பார்க்கவில்லை. இந்த அவையில் அவன் இருந்தால், தம்பி, அது பறக்கவில்லை. நீ கேட்டது சரி.

என் கையில் இருப்பது அம்மாவின் பால்கத்தி. இதை முன்வரிசையில் கொடுக்கிறேன், பின்வரிசை வரை போகட்டும். முனையின் வளைவைக் கவனியுங்கள், பிடியில் கட்டைவிரல் அழுந்தி அழுந்திப் பள்ளம் விழுந்திருக்கிறது பாருங்கள். இன்னும் கூர் இருக்கிறது. பிள்ளைகளிடம் கொடுக்கும்போது பெரியவர்கள் கூட இருங்கள்.